சப்ரகமுவையின் கறுப்புக் கல்லும் கண்ணுக்கு ஒளிக்கும் கட்டிகளும்

கொழும்பிலிருந்து புறப்படும் ஏ-4 நெடுஞ்சாலையில் மஹரகமையையும் அவிசாவளையையும் கடந்து இரத்தினபுரி மாவட்டத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊர் எஹலியகொட. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். இறப்பர்த் தோட்டங்களும் தேயிலையும் சூழ்ந்த இவ்வூரின் வயல்களிடையே மாணிக்கக் குழிகளையும் காணலாம். அதே சாலையில் மேலும் பயணித்தால் குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகப் பலாங்கொடையை அடையலாம். மருத்துவ விஞ்ஞானத்தின் ஒரு நூற்றாண்டுக் கதையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று இச்சாலையின் பலாங்கொடைப் பக்கத்தில் இருக்கிறது. அக்கதையின் பயனை நாடி நம்மவர்கள் செல்லும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை இதே சாலையின் கொழும்புப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு பற்றி இதுவரை நம்மிடையே அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. எனவே இந்தக் கட்டுரை.

இதனை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. எஹலியகொடைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனது பழைய வாசகர். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற அவரது தங்கைக்கு நீண்ட நாள் வயிற்றுக் கோளாறு. "கேஸ்ட்ரிக்" என்று சொல்லி ஆண்டுக் கணக்கில் மாத்திரை விழுங்கியவர். இறுதியில் ஈரலில் கட்டிகள் இருப்பது தெரியவந்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தபோது அறிக்கையில் 'நியூரோ எண்டோக்ரைன்' என்று எழுதப்பட்டிருந்ததாம். "தம்பி, நியூரோன்னா மூளைதானே? வயித்துல இருக்கிற கட்டிக்கு ஏன் மூளைப் பேரு?" என்று தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. 2018 மார்ச்சில் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு இந்நோய் இருப்பதை அறிவித்தபோது உலகமே கேட்ட கேள்வியும் இதுதான். இந்த நோய் மூளையைப் பற்றியதாகவே இருக்கவேண்டியதில்லை என்று அவரே விளக்க நேர்ந்தது. 2020 ஏப்ரல் 29ஆம் திகதி அவர் காலமானார். அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸுக்கு 2003இல் கணையத்தில் கண்டறியப்பட்டதும் இவ்வகைக் கட்டியே. அவர் மறைந்தது 2011 ஒக்டோபரில்.

புற்று போன்றது, ஆனால் புற்றன்று

நமது உடலெங்கும், குறிப்பாகக் குடல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில், ஒரு வகைக் கலங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவை நரம்புக் கலங்களைப் போலச் செய்திகளைப் பெறுகின்றன. நாளமில்லாச் சுரப்பிகளைப் போல ஓமோன்களை இரத்தத்தில் கலக்கின்றன. இந்த இரட்டைக் குணத்தினால்தான் 'நரம்பு' என்ற சொல் பெயரில் ஒட்டிக்கொண்டது. இக்கலங்களில் தோன்றும் கட்டிகளே நரம்பு-அகச்சுரப்புக் கட்டிகள்.

சிறுகுடலில் காணப்பட்ட இத்தகைய சிறு கட்டிகளுக்கு 1907இல் ஜேர்மனியின் மியூனிக் நகர நோயியலாளர் சீக்பிரீட் ஓபேர்ண்டோர்பர் 'கார்சினொய்ட்' என்று பெயர் சூட்டினார். புற்றைப் போன்றது என்பது பொருள். பார்வைக்குப் புற்றுநோய் போலிருந்தாலும் மெல்ல வளர்பவை, தீங்கு செய்யாதவை என்று அவர் எண்ணினார். பின்னர், 1929இல், இவையும் பரவிக் கொல்லக்கூடியவை என்று அவரே திருத்தி எழுதினார். யூதர் என்பதால் 1933இல் ஜேர்மனியில் பதவி இழந்து துருக்கிக்குச் சென்ற அவர், 1944இல் இஸ்தான்புல்லில் காலமானார். ஆனால் அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 'புற்று போன்றது' என்ற அப்பெயரே பல தசாப்தங்களுக்கு மருத்துவ உலகின் விழிப்பைத் தளரச் செய்தது எனலாம்.

இக்கட்டிகளின் சூழ்ச்சி அவற்றின் சிறுமையிலும் பொறுமையிலும் இருக்கிறது. குடலில் மூலக் கட்டி ஒரு சென்ரிமீற்றரைக்கூட எட்டாதிருக்கும்போதே ஈரலுக்குப் பரவிவிடுவதுண்டு. சி.ரி. ஸ்கேன் ஈரலில் உள்ளதைக் காட்டும். மூலம் எங்கே என்பதைப் பலவேளைகளில் காட்டாது. அறிகுறிகளோ வயிற்றுவலி, அடிக்கடி வயிற்றோட்டம், திடீரென முகமும் மார்பும் சூடேறுதல், மூச்சிழுப்பு என அன்றாட நோய்களின் வேடத்தில் வருபவை. முகம் சிவக்கும் என்றுதான் மேனாட்டு நூல்கள் எழுதுகின்றன. நம்மவர் நிறத்தில் அந்தச் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. வெப்பம் மட்டுமே உணரப்படும். நடுவயதுப் பெண்ணாயின் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு என்றும் எண்ணப்பட்டுவிடும். இப்படியே ஆண்டுகள் கழியும்.

ஆக, இந்நோயின் வரலாறு பெரிதும் 'எப்படிப் பார்ப்பது' என்பதன் வரலாறுதான். அந்த வரலாற்றில்தான் நமது சப்ரகமுவ வருகிறது.

பலாங்கொடையிலிருந்து லண்டனுக்கு

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்கு முதலாவது பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். கலை வரலாற்றாசிரியராக உலகம் போற்றும் அவர் தமது இளமையில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கைப் பாறைகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1906இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

மாணிக்கச் சரளையைக் கூடையிலிட்டு நீரில் கழுவும்போது இலேசானவை அடித்துச் செல்லப்பட, கனமானவை அடியில் தங்கும். பலாங்கொடைப் பகுதிச் சரளையில் அவ்வாறு தங்கியவற்றுள் கறுத்த சிறு கனசதுரங்களும் இருந்தன. சாதாரணக் கற்களைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். 1904இல் குமாரசுவாமி இதனை யுரேனியக் கனிமமான யுரேனினைற் என விவரித்தார். லண்டன் இம்பீரியல் நிறுவகத்தின் பணிப்பாளர் விண்டம் டன்ஸ்டன் ஆராய்ந்தபோது, அதில் பெரும்பகுதி தோரியம் என்பதும், இது உலகம் அதுவரை அறியாத புதிய கனிமம் என்பதும் தெரியவந்தன. 'தோரியனைற்' என்று அவர் பெயரிட்டார். வாயு விளக்கின் 'மென்டல்' செய்வதற்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. எனவே வியாபாரிகளின் கண்ணும் இக்கல்மீது விழுந்தது.

விஞ்ஞானிகளின் கண் வேறு காரணத்துக்காக விழுந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு 1904இன் பிற்பகுதியில் ஆங்கிலம் பழகவென்று ஓர் இளம் ஜேர்மனியர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஒட்டோ ஹான். கதிரியக்கம் பற்றி முன்னனுபவம் அற்றவர். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பேரியம் உப்பு சிறிதளவைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரித்துத் தருமாறு ராம்சே பணித்தார். ஹான் ரேடியத்தைத் தேடப் போய் 1905இல் புதியதொரு கதிரியக்கப் பொருளைக் கண்டார். அதற்கு 'ரேடியோதோரியம்' என்று பெயரிட்டார். அமெரிக்க இரசாயனவியலாளர் போல்ற்வுட் முதலில் இதனை நம்பாமல், பழைய பொருளொன்றுடன் முட்டாள்தனம் சேர்ந்த கலவை என்று நண்பர் றதர்போர்டுக்குக் கேலியாக எழுதினார். கேலி நிலைக்கவில்லை, ரேடியோதோரியம் நிலைத்தது. அதுவே இன்று தோரியம்-228 எனப்படுவது. பின்னாளில் அணுப்பிளவைக் கண்டறிந்தமைக்காக நோபல் பரிசு பெற்ற ஹானின் முதல் பெரும் கண்டுபிடிப்பு இதுதான். அதற்கான கல் சென்றது நமது மண்ணிலிருந்து.

சுவடு காட்டும் அணு

ரேடியோதோரியம் தனியாக நிற்பதில்லை. கதிரை உமிழ்ந்து ஒன்று மற்றொன்றாக மாறும் ஒரு வம்சாவளி அதற்குண்டு. அவ்வம்சத்தில் நான்காவது தலைமுறையாக வருவது அக்காலத்தில் 'தோரியம் பி' எனப்பட்டது. உண்மையில் அது ஈயத்தின் ஒரு கதிரியக்கச் சமதானி, ஈயம்-212. அதன் அரைவாழ்வுக் காலம் 10.6 மணித்தியாலங்கள்.

இந்தத் தோரியம் பியை எடுத்து 1923இல் கோப்பன்ஹேகனில் ஒரு சோதனை செய்தார் ஹங்கேரியரான ஜோர்ஜ் ஹெவெசி. அவரைச் செடியின் வேர்களை இந்தக் கதிரியக்க ஈயம் கலந்த நீரில் வைத்து, அது வேரில் எவ்வளவு தங்குகிறது, தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கதிர்வீச்சை அளந்தே கண்டறிந்தார். செடியின் உடல் கதிரியக்க ஈயத்துக்கும் சாதாரண ஈயத்துக்கும் வேறுபாடு அறியாது. ஆனால் கருவிக்குத் தெரியும். உயிருள்ள ஒன்றினுள் ஒரு பொருளின் பயணத்தைக் கதிரியக்க அணுவைக் கொண்டு பின்தொடர்ந்த முதலாவது சோதனை அது. 'சுவடு காட்டி' என்ற இந்த எண்ணத்துக்காக 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு ஹெவெசிக்கு வழங்கப்பட்டது. இன்றைய அணு மருத்துவம் முழுவதும் இந்த ஒரே எண்ணத்தின் விரிவுதான். 1950களில் அமெரிக்காவின் ஹால் ஆங்கர் காமாக் கமராவை உருவாக்கியபின், அந்தச் சுவட்டை அளப்பது மட்டுமன்றிப் படமாகவும் காண முடிந்தது.

இனிமேல் தேவைப்பட்டது, கட்டியை மாத்திரம் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள். 1973இல் அமெரிக்காவில் ரொஜர் கில்லமினின் ஆய்வுகூடம் சோமற்றோஸ்ரற்றின் என்ற ஓமோனைக் கண்டறிந்து வெளியிட்டது. ஏனைய ஓமோன்களின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஓமோன் இது. நரம்பு-அகச்சுரப்புக் கட்டிகளுள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் இதற்குரிய ஏற்பிகள் மிகுதியாக இருப்பது பின்னர் தெரியவந்தது. ஏற்பி பூட்டு என்றால் இந்த ஓமோன் சாவி. ஆனால் இயற்கைச் சாவி இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். 1982இல் சுவிற்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவன ஆய்வாளர்கள் நீடித்து நிற்கும் செயற்கைச் சாவியொன்றைச் செய்தனர். அதுவே ஒக்ரியோரைட்.

அந்தச் சாவியின் நுனியில் ஒரு விளக்கைக் கட்டியவர்கள் நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகர மருத்துவர்கள். 1989இல் கிரெனிங், லம்பேர்ட்ஸ் ஆகியோரின் குழுவினர் கதிரியக்க அயடீன் பிணைத்த ஒக்ரியோரைட்டை நோயாளிகளுக்கு ஊசிமூலம் செலுத்தி, உடலில் கட்டிகள் இருக்கும் இடங்கள் ஒளிர்வதைப் படமெடுத்துக் காட்டினர். அயடீனுக்குப் பதிலாக இந்தியம்-111 பிணைத்த மருந்துக்கு 1994இல் அமெரிக்க அங்கீகாரம் கிடைத்தது. எங்கிருக்கிறது என்று தெரியாமலே தேடப்பட்ட கட்டிகள் முகவரியுடன் தென்படத் தொடங்கின. ஆயினும் படம் சற்று மங்கல்; ஊசி போட்டு ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும்.

அடுத்த பாய்ச்சல் கல்லியம்-68. இதைக் கொண்டு பெட் ஸ்கேனில் எடுக்கப்பட்ட படங்கள் 2001இல் ஐரோப்பாவில் வெளியாயின. 2016இல் அமெரிக்காவும் இம்முறைக்கு அங்கீகாரம் அளித்தது. ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்தில் படம். சில மில்லிமீற்றர் அளவான கட்டிகளும் அகப்படும். கல்லியம்-68இன் அரைவாழ்வுக் காலம் 68 நிமிடங்களே என்பதால் தொலைவிலிருந்து வரவழைக்க முடியாது. இங்கேதான் ஒரு வசதி உண்டு. ஏறத்தாழ 271 நாள் அரைவாழ்வுக் காலமுள்ள ஜேர்மானியம்-68 அடங்கிய சிறு கலமொன்றை வைத்தியசாலையில் வைத்துக்கொண்டால், அது தானாகவே கல்லியத்தை ஈன்றுகொண்டிருக்கும். இறப்பர்த் தோட்டத்தவருக்கு இதனை எளிதில் விளக்கலாம். மரம் ஜேர்மானியம், பால் கல்லியம். காலையில் வெட்டி எடுத்தபின் மீண்டும் பால் ஊறுவதுபோல, ஒருமுறை கறந்து சில மணித்தியாலங்களில் மீண்டும் எடுக்கலாம். மரம் ஓராண்டளவு தாங்கும். அணு உலையோ சைக்ளோற்றரனோ இல்லாத நாடுகளுக்கு இது பெரிய வரம்.

இப்படத்தைப் படிக்கப் பழகிய கண் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். மண்ணீரல், சிறுநீரகம் முதலிய ஆரோக்கியமான உறுப்புகளும் இதில் ஒளிரும். மாறாக, மூர்க்கமாக வளரும் சில கட்டிகள் ஏற்பிகளை இழந்துவிடுவதால் ஒளிரா. அவற்றைக் குளுக்கோசு சார்ந்த சாதாரண பெட் ஸ்கேனே காட்டிக்கொடுக்கும்.

வட்டம் முழுமையாகிறது

விளக்கைக் கட்டிய அதே சாவியில் நெருப்பையும் கட்டலாம். லுற்றீசியம்-177 என்ற சமதானியைப் பிணைத்துச் செலுத்தினால், ஒளிர்ந்த கட்டிகளையே தேடிச் சென்று சுடும். இச்சிகிச்சையின் பயனை உறுதிப்படுத்திய பெரும் ஆய்வு 2017இல் வெளியானது. அவ்வாண்டே ஐரோப்பாவும் 2018 ஜனவரியில் அமெரிக்காவும் அங்கீகரித்தன. பார்க்க முடிந்ததையே தாக்குவது என்பது இதன் அடிப்படை. எனவே படம் எடுக்காமல் இச்சிகிச்சை இல்லை. அயல்நாடான இந்தியா இதில் பின்தங்கிவிடவில்லை. மும்பையிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் 2002இல் அந்நாட்டின் முதலாவது பெட் ஸ்கேன் கருவி இயங்கத் தொடங்கியது. லுற்றீசியம்-177ஐ ட்ரொம்பேயிலுள்ள துருவா அணு உலையிலேயே உற்பத்தி செய்கிறார்கள்.

இப்போது கதையின் முக்கியமான திருப்பம். லுற்றீசியத்தைவிடக் குறுகிய தூரத்தில் கூடுதல் வலுவுடன் தாக்கும் அல்ஃபாக் கதிர்களை இச்சிகிச்சைக்குப் பயன்படுத்த உலகெங்கும் முயற்சி நடக்கிறது. அவற்றுள் முன்னணியில் இருப்பவற்றுள் ஒன்று எது தெரியுமா? ஈயம்-212. ஹெவெசி அவரைச் செடிக்கு ஊட்டிய அதே தோரியம் பி. நரம்பு-அகச்சுரப்புக் கட்டிகளுக்கான ஈயம்-212 மருந்தொன்றுக்கு, திருப்புமுனைச் சிகிச்சையாகக் கருதத்தக்கது என்ற சிறப்புத் தகுதியை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் வழங்கியது. இது முழுமையான அங்கீகாரமன்று, சோதனைப் பாதையில் ஒரு படி. அந்த ஈயத்தின் மூதாதை தோரியம்-228, அதாவது ஹான் இலங்கைக் கல்லில் கண்ட ரேடியோதோரியம். இன்றைய மருந்தாளர்கள் பலாங்கொடைக் கல்லைத் தேடி வருவதில்லை. தோரியம்-228ஐப் பெற அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஆனால் அதனை உலகுக்கு முதலில் காட்டிய கல் சப்ரகமுவையினுடையது என்பதை எவரும் மறுக்க முடியாது.

சாலையின் மறுமுனை

சரளையைக் கழுவிய கிராமத்து மக்களுக்கும், அதே மலைகளில் இறப்பருக்கும் தேயிலைக்கும் உழைத்த நம்மவர்களுக்கும் அக்கல்லிலிருந்து பிறந்த விஞ்ஞானம் எவ்வளவு வந்து சேர்ந்தது?

தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்கான சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் நடைமுறையில் அது தோட்டத்து மருந்துச்சாலை என்ற எல்லையைத் தாண்டவில்லை. காய்ச்சலுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் பிரசவத்துக்கும் அமைந்த ஏற்பாடு அது. மெல்ல வளரும், பெயர் தெரியாத வயிற்று நோயைத் துருவிப் பார்க்க அங்கே வழியில்லை. 1912இல் அவிசாவளையிலிருந்து எஹலியகொடை வழியாக இரத்தினபுரிக்குச் சென்ற குறும்பாதைப் புகையிரதமும் 1970களில் நின்றுபோயிற்று. இன்று தோட்டத்து நோயாளி அவிசாவளைக்கோ இரத்தினபுரிக்கோ பஸ்ஸில் சென்று, அங்கிருந்து மஹரகமைக்கு அனுப்பப்படவேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலி இழப்பு. உடன் செல்பவருக்கும் அதே இழப்பு.

மஹரகமையின் பெட் ஸ்கேனுக்கும் ஒரு வரலாறு உண்டு. புற்றுநோயால் மகனை இழந்த தந்தையொருவர் முன்னின்று, கதீஜா மன்றத்தின் மூலம் 2016இல் 20 கோடி ரூபா திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, பாடசாலை மாணவர் உட்பட மக்கள் அள்ளிக் கொடுத்தனர். கொள்வனவு பற்றிய வாதப் பிரதிவாதங்களும் எழுந்தன. எனினும் இலங்கை வரலாற்றில் ஒரு மருத்துவக் கருவிக்காகப் பொதுமக்கள் இவ்வாறு கை நீட்டியது மறக்கத்தக்கதன்று. அரசு செய்யவேண்டியதை மக்கள் செய்ய நேர்ந்தது என்று குறைகூறுவோர் உண்டு. குறை நியாயமானதே. ஆனால் ஒளிந்திருக்கும் நோயைக் காண்பது செல்வந்தருக்கு மட்டும் உரிய சலுகையன்று என்று மக்களே தீர்மானித்தார்கள் என்றும் இதனைப் படிக்கலாம்.

கருவி மட்டும் போதாது என்பதே எனது கருத்து. அதன் வாசல்வரை நோயாளியைக் கொண்டு சேர்க்கும் ஐயம் முதலில் வைத்தியர் மனத்தில் எழவேண்டும். மாதக்கணக்கில் மாறாத வயிற்றோட்டம், காரணமின்றி முகத்தில் ஏறும் சூடு, மூலம் தெரியாத ஈரற் கட்டி ஆகியவற்றைக் கண்டால், 'இது நரம்பு-அகச்சுரப்புக் கட்டியாக இருக்குமோ' என்று கேட்கத் துணிய வேண்டும். நோயாளியும் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவன்று. கட்டி பரவியிருந்தாலும் இந்நோயில் பல ஆண்டுகள் வாழ்வோர் உண்டு. பெரும்பாலான புற்றுநோய்களைப் போலன்றி, இங்கே சரியான பெயரும் சரியான படமும் கிடைப்பதே பாதி மருந்து.

அந்த ஆசிரியருக்கு இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல இயலவில்லை. பெயரைக் கண்டு மூளை நோய் என அஞ்சவேண்டாம், ஏற்பிகளைக் காட்டும் ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பலாங்கொடையின் கறுப்புக் கல் 1904இல் கப்பலேறி லண்டன் போய்ச் சேரச் சில வாரங்களே எடுத்திருக்கும். அதன் பயன் அதே ஏ-4 சாலையோரத்து லயன் அறையை வந்தடைய நூறாண்டுகள் கடந்தும் இன்னும் பயணித்துக்கொண்டேயிருக்கிறது. அந்தப் பயணத்தைச் சுருக்குவது விஞ்ஞானிகளின் கையில் இல்லை. நமது சுகாதார அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் மலையகப் பிரதிநிதிகளும் பதில் சொல்லவேண்டிய விடயம் அது.